ஒரு கிலோ உப்பு உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது?

அலுவலகங்களில் நடக்கும் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் இப்போதெல்லாம் ஒரு காட்சி சகஜமாகிவிட்டது. முப்பதைத் தாண்டிய ஒருவர் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செவிலியர் ஒரு முறை பார்க்கிறார். ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்க்கிறார்.

"சார், 148-க்கு 96 காட்டுது. வீட்ல யாருக்காவது பிபி இருக்கா?"

"அப்பாவுக்கு இருக்கு. எனக்கு 33 வயசுதான் சிஸ்டர் ஆகுது!"

அடுத்த மேஜையில் இருக்கும் மருத்துவர் சொல்வது ஒரே வரி: "உப்பைக் குறைங்க."

அந்த ஒரு வரியோடு வீட்டுக்குப் போகிறவர் என்ன செய்வார்? ஊறுகாய் பாட்டிலைத் தள்ளி வைப்பார். அப்பளம் வேண்டாம் என்பார். பத்து நாள் ஓடும். பிறகு பழையபடி எல்லாம் தட்டுக்கு வந்துவிடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தினமும் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறோம் என்பதே தெரியாதவர், எதைக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில் இந்தியர்களின் சராசரி 8 கிராம் என்று தெரிய வந்தது. ஆண்கள் 8.9 கிராம், பெண்கள் 7.1 கிராம். உலக சராசரி 10 கிராமைத் தாண்டுவதால் 'நாம பரவாயில்லையே' என்று தோன்றலாம். ஆனால், தமிழகத்தில் 2020-ல் நடந்த மாநில அளவிலான ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அதிகப்படியான சோடியத்தோடு தொடர்புடைய மரணங்கள் உலகில் ஆண்டுக்கு சுமார் 19 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவற்றில் பெரும்பகுதி மாரடைப்பும் பக்கவாதமும்தான்.

பாக்கெட் சொல்லும் கணக்கு

சராசரிகளை விடுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கை அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. அடுத்த முறை ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும்போது, அதன் மீது தேதியை எழுதி வையுங்கள். எத்தனை நாளில் தீர்கிறது என்று பாருங்கள்.

வீட்டில் நான்கு பேர். ஆளுக்கு 5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 20 கிராம். அந்தக் கணக்கில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். மாதம் ஒரு கிலோ தீர்ந்தால்? நாளைக்கு 33 கிராம், ஆளுக்கு 8 கிராமுக்கும் மேல். இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ 100 நாள் வர வேண்டும். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு அரை வருடத்துக்கும் மேல்!

இதில் கொஞ்சம் கழிவு உண்டு. மீன் கழுவ, காலிஃபிளவரை ஊறவைக்க, முட்டை வேகவைக்கப் போடுவதெல்லாம் வயிற்றுக்குள் போவதில்லை. மாங்காய் சீசனில் ஊறுகாய் போட்டால் அந்த மாதக் கணக்கு எகிறும். ஆனால் கழிப்பதைவிடக் கூட்ட வேண்டியதுதான் பெரிது. மதியம் ஆபீஸ் கேன்டீன், மாலை பஜ்ஜி, ராத்திரி மொபைலில் ஆர்டர் செய்த பிரியாணி, ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் என எதுவும் இந்த பாக்கெட்டில் வராது. எனவே வாரத்தில் பாதி நாள் வெளியே சாப்பிடும் குடும்பத்தில் பாக்கெட் 50 நாள் வருகிறது என்றால் அது நல்ல செய்தி அல்ல.

கரிக்காத உப்பு

'நான் உப்பே கம்மியாதான் சாப்பிடுவேன்' என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. கரிக்கும் உப்பை மட்டும்தான் நாக்கு கணக்கில் வைத்துக்கொள்கிறது.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இட்லி. மாவைக் கரைக்கும்போதே உப்பு போட்டாயிற்று. இட்லியைத் தனியாகச் சாப்பிட்டால் உப்பு இருப்பதே தெரியாது. தொட்டுக்கொள்ளச் சட்னி, அதிலும் உப்பு. மேலே பொடி, அதிலும் உப்பு. மதியம் சாம்பார், பொரியல், கூட்டு, ரசம் என எல்லாவற்றிலும் தனித்தனியாக. கடைசியில் தயிர் சாதம். சாதத்தில் ஒரு சிட்டிகை போட்டுப் பிசைந்துவிட்டு, அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயோ மோர் மிளகாயோ வேறு. மாலையில் கொய்யாப்பழம் வாங்கினாலும் 'உப்பு, காரம் தூவித் தரட்டுமா?' என்றுதான் வண்டிக்காரர் கேட்கிறார். பழத்தில் இருந்த நல்ல விஷயத்தோடு கெட்டதையும் சேர்த்துச் சாப்பிடுகிறோம்.

இந்த வரிசையில் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் மட்டும் கெட்ட பெயர். அப்பளத்துக்கு அது ஓரளவு நியாயம்தான். உப்பு போக, மாவில் சேர்க்கும் அப்பளக்காரமும் சோடியம்தான். கருவாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அவற்றை நாம் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறோம். கிண்ணம் கிண்ணமாக உள்ளே போவது குழம்பும் சாம்பாரும்தான்.

வெளியே சாப்பிடும்போது இது இன்னும் மறைந்துவிடுகிறது. ஃபிரைடு ரைஸில் விழும் சோயா சாஸ் ஒரு மேஜைக்கரண்டி என்றால், அதில் மட்டும் சுமார் 900 மில்லிகிராம் சோடியம், அதாவது 2 கிராமுக்கு மேல் உப்பு. அதே ஃபிரைடு ரைஸில் அஜினோமோட்டோ போடுகிறார்களா என்று விசாரிப்பவர்கள் உண்டு. அஜினோமோட்டோவில் சோடியம் சுமார் 12 சதவீதம். சாதாரண உப்பில் சுமார் 40 சதவீதம். விசாரிக்க வேண்டியது எதை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பாக்கெட் உணவுகளில் 'உப்பு' என்று எழுதாமல் 'சோடியம்' என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். 100 கிராம் மிக்சரில் சோடியம் 800 மில்லிகிராம் என்றால், உப்பு 2 கிராம். 150 கிராம் பாக்கெட்டை டிவி பார்த்தபடி காலி செய்தால் 3 கிராம் முடிந்தது. நாள் முழுவதுக்குமான அளவில் பாதிக்கு மேல். பக்கத்திலேயே 'ஒரு பரிமாறலுக்கு இத்தனை சதவீதம்' என்று சின்னதாக ஓர் எண் இருக்கும். அந்த ஒரு பரிமாறல் என்பது பெரும்பாலும் ஒரு கைப்பிடிதான். ஒரு கைப்பிடியோடு நிறுத்துபவர் யார்?

வெயில் காலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள்கூட 'டயர்டா இருக்கு' என்று ஓஆர்எஸ் வாங்கிக் குடிக்கிறார்கள். வயிற்றுப்போக்கில் உயிர் காக்கும் மருந்து அது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் சுமார் 1,700 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட ஒரு நாள் அளவே 2,000தான். கொளுத்தும் வெயிலில் கட்டட வேலையும் வயல் வேலையும் செய்து வியர்வையில் நனைபவர்களின் கதை வேறு. மெட்ரோ ரயிலில் போய் வருபவர்களுக்குத் தண்ணீர் போதும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சோடியம் எங்கே போனாலும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சோடியம் கூடினால் அதோடு சேர்ந்து நீரும் கூடும். சிறுநீரகம் அதை வெளியேற்றப் பார்க்கும். முடியாதபோது குழாய்க்குள் ஓடும் ரத்தத்தின் அளவு கூடி, அழுத்தமும் கூடும். ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் ரத்தக் குழாய்கள் விறைத்துப்போகும். அந்த விறைப்பை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவர் தடிக்கும். ஜிம்முக்குப் போய்க் கைத்தசை தடித்தால் சந்தோஷப்படலாம். இதயச் சுவர் தடித்தால் அது இதயச் செயலிழப்புக்குப் போகும் பாதை. வலி இருக்காது, மயக்கம் வராது. பரிசோதனைக்குப் போகாவிட்டால் தெரியவே தெரியாது.

குறைத்தால் பலன் சீக்கிரமே தெரியும் என்பதுதான் ஆறுதலான விஷயம். அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 213 பேரிடம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், உப்பை மிகக் கடுமையாகக் குறைத்த ஒரே வாரத்தில், வழக்கமாகச் சாப்பிட்டபோது இருந்ததைவிட மேல் அழுத்தம் சுமார் 6 புள்ளிகள் குறைந்திருந்தது. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்தப் பலன் கிடைத்தது.

'உப்பு குறைந்தாலும் ஆபத்து' என்பது உண்மையா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் எல்லாமே கட்டுக்கதை அல்ல. பல நாடுகளில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த 'பியூர்' ஆய்வு 2014-ல் ஒரு குண்டைப் போட்டது. நாளைக்கு 3 முதல் 6 கிராம் வரை சோடியம், அதாவது ஏழரை முதல் 15 கிராம் வரை உப்பு சாப்பிட்டவர்களுக்குத்தான் ஆபத்து மிகக் குறைவு. அதற்குக் கீழே போனாலும் ஆபத்து கூடுகிறது என்றது. அதன்படி பார்த்தால் இந்திய சராசரியான 8 கிராம் பாதுகாப்பான எல்லைக்குள் வந்துவிடுகிறது!

சிக்கல் அளந்த விதத்தில் இருந்தது. காலையில் ஒரே ஒரு முறை எடுத்த சிறுநீரை வைத்து முழு நாளின் உப்பைக் கணித்தார்கள். ஒரு நாட்டின் சராசரியை அறிய அந்த முறை உதவும். ஒரு தனி மனிதர் தினம் எவ்வளவு சாப்பிடுகிறார், அவருக்கு என்ன ஆகிறது என்று முடிச்சுப்போட அது போதாது. 24 மணி நேரச் சிறுநீரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை சேகரித்து, 10,709 பேரின் தகவல்களைத் தொகுத்த ஆய்வு பின்னர் வந்தது. அதில் அந்த வளைவு காணாமல் போனது. சோடியம் 1,000 மில்லிகிராம் கூடக் கூட, இதய, ரத்தக்குழாய் நோய் ஆபத்து 18 சதவீதம் கூடிக்கொண்டே போனது. விவாதம் முழுக்க ஓய்ந்துவிடவில்லை. ஆனால் பிபி ஏற்கெனவே 148-ல் இருக்கும் ஒருவர் அந்த விவாதத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

இந்துப்புக்கு மாறிவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்று நம்புபவர்களும் நிறைய. இளஞ்சிவப்பாக இருந்தாலும், விலை பத்து மடங்கு இருந்தாலும் அதுவும் சோடியம் குளோரைடுதான். கல் உப்பும் அப்படியே. ஒரு கரண்டி கல் உப்பில் இடைவெளி இருப்பதால் எடை குறையும், அவ்வளவுதான். இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதும் இல்லை. குறைவாகப் போடுங்கள், போடுவது அயோடின் உப்பாக இருக்கட்டும்.

பத்தியச் சட்டி யாருக்கு?

நம் வீடுகளில் உப்பைக் குறைப்பது என்றால் நோயாளியைத் தனியே பிரிப்பது என்று ஆகிவிட்டது. அப்பாவுக்கு மட்டும் தனிச் சட்டி, தனிக் குழம்பு. அதைச் சமைக்கும் வேலையும் அம்மாவுக்கோ மனைவிக்கோதான் கூடுகிறது. மற்றவர்கள் வாசனையாகச் சாப்பிட, ஒருவர் மட்டும் சப்பென்ற சாப்பாட்டோடு உட்கார்ந்திருப்பார். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று பழமொழி பேசும் வீட்டில் அது ஒரு தண்டனை. இரண்டு வாரத்தில் அவரே எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வருவார்.

இன்னொரு வேடிக்கை. அப்பாவுக்கு பிபி என்றால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பிள்ளையின் தட்டுக்குப் போவது பழைய குழம்புதான். முப்பது வருடம் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் 33 வயதில் அவர் செவிலியர் முன்னால் ஆச்சரியப்படுகிறார்.

ஒரே சட்டி, எல்லோருக்கும் சேர்த்துக் கொஞ்சம் குறைவாக என்பதுதான் நடைமுறையில் நிலைக்கும். ஒரேயடியாகப் பாதியாக்கினால் வீட்டில் கலவரம் வரும். கை அளவாக அள்ளிப் போடுவதை நிறுத்திவிட்டு ஒரு ஸ்பூனை டப்பாவுக்குள் போட்டு வைப்பது முதல் வேலை. கை அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க முடியாது, ஸ்பூனில் முடியும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பழகியபின் ஹோட்டல் சாம்பார் கரிப்பதாகத் தோன்றினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பிரிட்டன் இதைத்தான் நாடு முழுக்கச் செய்தது. ரொட்டி, காலை உணவு தானியம் போன்றவற்றில் தயாரிப்பாளர்களை ஆண்டுதோறும் சிறுகச் சிறுகக் குறைக்க வைத்தார்கள். 9.5 கிராமாக இருந்த அந்நாட்டு சராசரி 2011-ல் 8.1 ஆனது. அங்கே உப்பின் பெரும்பகுதி தொழிற்சாலையில் இருந்து வருவதால் தொழிற்சாலையைத் தொட்டார்கள். இங்கே இன்னமும் பெரும்பகுதி வீட்டு அடுப்பில்தான் சேர்கிறது. ஆகவே சாவி நம் கையில்தான் இருக்கிறது.

புளியும் எலுமிச்சையும் மிளகும் சீரகமும் பூண்டும் தாராளமாக இருக்கும் சமையலில் உப்புக்குறை அவ்வளவாகத் தெரியாது என்பது நமக்குள்ள வசதி. ரசம் இதற்கு நல்ல உதாரணம். சப்பாத்தி மாவு, தயிர் சாதம், மோர், சாலட், நறுக்கிய பழம் ஆகியவற்றில் உப்பை அறவே விட்டுவிடலாம். நூடுல்ஸ் மசாலாவில் பாதியைக் குப்பையில் போடலாம். சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பா இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுப்படியிலேயே ஒரு மாற்று

உப்பின் அளவைக் குறைப்பதோடு உப்பையே மாற்றும் வழியும் ஒன்று இருக்கிறது. சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த 'குறைந்த சோடியம் உப்பு'. சீனாவில் 600 கிராமங்களில், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், 60 வயதைத் தாண்டிய உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் என சுமார் 21,000 பேரிடம் ஐந்தாண்டுகள் சோதித்தார்கள். பாதி கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மீதிக்கு, நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் கலந்த உப்பு. சமையல் மாறவில்லை, சட்டி மாறவில்லை. மாற்று உப்பு போன கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதமும் மரணங்கள் 12 சதவீதமும் குறைந்தன. 2021-ல் வெளியான இந்த முடிவு, உப்பு விவாதத்தில் இதுவரை கிடைத்த மிக வலுவான சான்றுகளில் ஒன்று.

ஆனால் இது எல்லோருக்கும் ஆனதல்ல. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் தேங்கி, இதயத் துடிப்பே தடுமாறலாம். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. பிபிக்காக நம் ஊரில் அதிகம் எழுதித்தரப்படுபவையும் இவற்றில் உண்டு. நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்குத் தங்கள் சிறுநீரகத்தின் நிலையே தெரியாது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், கிரியாட்டினின் பரிசோதனை செய்து மருத்துவரிடம் கேட்காமல் இந்த உப்பை வாங்கவே கூடாது. 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை.

ஆபத்து இல்லாதவர்கள் வாங்க நினைத்தாலும் கிடைக்க வேண்டுமே. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நகரின் 300 கடைகளில் விசாரித்தது. 28 சதவீதக் கடைகளில்தான் இந்த உப்பு இருந்தது. சூப்பர் மார்க்கெட்டுகளில் பாதிக்கு மேல் வைத்திருந்தார்கள். தெருமுனை மளிகைக் கடைகளில் வெறும் 4 சதவீதம். விலையோ 100 கிராமுக்கு சராசரியாக 5 ரூபாய் 60 காசு. சாதாரண அயோடின் உப்பு 2 ரூபாய் 70 காசு. கார் நிறுத்த இடம் இருக்கும் கடைக்குப் போகிறவருக்குக் கிடைக்கிறது. அண்ணாச்சி கடையில் கால் கிலோ பருப்போடு உப்பு வாங்குகிறவருக்குக் கிடைக்கவில்லை.

தமிழகத்தில் இந்த நிலை கொஞ்சம் விசித்திரம்தான். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் நம்முடையது. அரசுக்கே சொந்தமாக ஒரு உப்புக் கழகம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிறது. 2014-ல் அந்தக் கழகம் 'அம்மா உப்பு' கொண்டுவந்தபோது, மூன்று வகைகளில் ஒன்று குறைந்த சோடியம் உப்பு. கிலோ 21 ரூபாய். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதற்கு 11 ஆண்டுகள் முன்பே இங்கே சரக்கு தயாராக இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. மாத்திரை கொடுக்கும் அதே பட்டியலை வைத்து, யாருக்கு இந்த உப்பு ஆகும், யாருக்கு ஆகாது என்று பிரித்துச் சொல்ல முடியும். ஆகும் என்பவர்களுக்கு ரேஷன் கடையிலேயே சாதாரண உப்பின் விலைக்குக் கொடுக்கவும் முடியும். பாக்கெட்டின் முன்பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் சிறுநீரக எச்சரிக்கையும் வேண்டும்.

அது நடக்கும்வரை, இன்று பிரித்த பாக்கெட்டில் தேதி எழுத ஒரு பேனா போதும்.